பன்றிக்கு எந்தத் துவக்கு? வன்னிக் கமக்காரரிடம் யாரும் கேட்காத கேள்வி

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடங்கள் குரங்கையும் மயிலையும் எண்ணினார்கள். கொழும்பு ஊடகங்களுக்கு அது சிரிப்புச் செய்தி. ஆனால் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் நான் பேசிய கமக்காரர்களுக்கு முதல் எதிரி குரங்கல்ல, பன்றி. ஒரே இரவில் மரவள்ளித் தோட்டத்தையும் கச்சான் பாத்தியையும் உழுது போட்டுவிட்டுப் போய்விடும். காட்டுப்பன்றியைக் கொல்லலாமா, கூடாதா என்று பலரும் பேசுகிறார்கள். எதனால் கொல்வது என்று யாரும் பேசுவதில்லை. ஆட்கள் சாவது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

அமெரிக்காவில் பன்றி வேட்டைக்காரர்கள் ஒரே தோட்டா போடும் கைத்துப்பாக்கிக்கு எந்த அளவு பொருத்தம் என்று வாதிடுவார்கள். 1967இல் சந்தைக்கு வந்த கொண்டென்டர் என்ற கைத்துப்பாக்கியில் குழலை மாற்றி மாற்றிப் பூட்டலாம். ஒருவர் .44 மெக்னம் போதும் என்பார், மற்றவர் .30-30 வேண்டும் என்பார். எங்களுக்கு அந்த வாதம் அந்நியம் என்றாலும் அதன் அடிப்படை பொருந்தும். கடுவன் பன்றியின் தோளில் கேடயம் போலத் தடித்த தோல் உண்டு. இதயமோ முன்னங்காலுக்குப் பின்னால், மிகவும் தாழ்வாக இருக்கிறது. கனமில்லாத சன்னம் தோலோடு நின்றுவிடும். காயப்பட்ட பன்றி பற்றைக்குள் கிடந்து, விடிய விறகுக்குப் போகிறவர்மீது பாயும்.

இங்கே பொருத்தமானது 12 போர் சொட்கன். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் குழலின் வாயளவு இருக்கும், 12 என்பது அந்தக் கணக்கு. ஒற்றைக்குழலே போதும். துவக்கைவிட அதற்குள் போடும் தோட்டாதான் முக்கியம். பறவைக்கான சிறு சன்னத் தோட்டா பன்றியைக் காயப்படுத்தும், கொல்லாது. வேண்டியது எஸ்.ஜி. எனப்படும் பெரிய சன்னத் தோட்டா. அதிலுள்ள ஒவ்வொரு சன்னமும் எட்டு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதுவும் 30 மீற்றருக்குள் மட்டும். அதற்கப்பால் சன்னங்கள் சிதறிப்போகும். கைத்துப்பாக்கி இந்த வேலைக்கு ஆகாது. குட்டைக் குழலில் வேகம் குறைவு, இருட்டில் குறி நிலைக்காது. மறைத்து வைக்க இலகுவானது என்பதால் எந்த அரசும் அதைத் தோட்டக் காவலுக்குக் கொடுக்கப் போவதுமில்லை.

சொட்கன் கிடைக்கிறதா? 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கிராம சேவகர், பொலிஸ், மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு என்று கோப்பு நகரும். தெற்கில் அது அலைச்சல் மட்டுமே. வடக்கில் அதற்குள் பயமும் சேர்ந்திருக்கிறது. எண்பதுகளில் வீடுகளிலிருந்த துவக்குகளை இயக்கங்கள் எடுத்துச் சென்றதையும், துவக்கு இருந்த வீடு என்பதாலேயே பிறகு வந்த விசாரணைகளையும் ஊர் மறக்கவில்லை. முன்னாள் போராளி இருக்கும் வீடு விண்ணப்பப் படிவத்தைக் கையிலெடுக்குமா? பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது 1979இல். மீள்குடியேறிய ஒருவர் என்னிடம் சொன்னார்: "பன்றி தின்றால் ஒரு போகம்தான் போகும் தம்பி, துவக்கு கேட்டால் பேர் போயிடும்."

கேட்காதவர்கள் சும்மா இருப்பதுமில்லை. கட்டுத்துவக்கு, இடியன், பன்றி வெடி என்று இறங்குகிறார்கள். கட்டுத்துவக்குக்குப் பன்றியும் பிள்ளையும் ஒன்றுதான். பாலைப்பழம் பொறுக்கப் போனவரின் காலையும் அது எடுக்கும். உள்ளூரில் செய்த இடியனின் குழல் வெடித்தால் சுட்டவருக்கே கையும் கண்ணும் போகும். காலபோக மழையில் மருந்து நனைந்தால் அது வெடிப்பதுமில்லை. பன்றி வெடியைக் கடித்த யானைக்குட்டிகள் வாய் கிழிந்து, தீனெடுக்க முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகின்றன. 2023இல் இலங்கையில் இறந்த யானைகள் 470க்கும் அதிகம். அதில் இந்த வெடிக்கும் ஒரு பங்குண்டு. கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் நாங்களே மறுபடி பொறி புதைக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கொரு துவக்கு என்று நான் கேட்கவில்லை. போர் தின்ற மண்ணில் அது விபரீதம். கமக்காரர் அமைப்புக்கு ஓரிரு ஒற்றைக்குழல் சொட்கன், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர், கமநல சேவை நிலையத்தில் எண்ணிக் கொடுத்து வெற்றுக் கோதை எண்ணி வாங்கும் எஸ்.ஜி. தோட்டா. இப்படியொரு ஏற்பாட்டை மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்வைக்கலாம். அதற்கு முன்னர், விண்ணப்பிப்பவர் புலனாய்வுப் பட்டியலில் ஏறமாட்டார் என்ற உறுதியை எழுத்தில் பெற வேண்டும்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு இதுவும் போதாது. இரவில் பிள்ளைகளைத் தனியே விட்டுப் பரணில் காவலிருக்க அந்தத் தாய்மாரால் முடியாது. அவர்களுக்கு வேலிதான் வேண்டும், அதுவும் ஒக்டோபரில் விதைப்பு தொடங்கும் முன்பே.