செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வெறும் இரைச்சல்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து திண்ணையில உக்காந்து ரேடியோவைத் திருகினேன். வெறும் இரைச்சல். பேட்டரி போச்சோன்னு மாத்திப் பார்த்தேன். காரைக்கால் வானொலி கணீர்னு எடுக்குது. எங்க சின்ன டவுன் நிலையம் மட்டும் இல்லை.

கொஞ்ச நேரத்துல எதிர்வீட்டு ஆயா தன் ரேடியோவைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. "தம்பி, இது ரிப்பேரா பாரேன்." ரேடியோ நல்லாத்தான் இருக்கு ஆயா, பேசுற இடந்தான் ரிப்பேர்னு சொன்னேன். "அப்ப நாளைக்கு எந்த ஊரு நெல்லு எடுக்குறாங்கன்னு யாரு சொல்லுவா?" அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை.

ராத்திரி நிலையத்துல வேலை செய்யற பொண்ணுக்குப் போன் போட்டேன். "இடி விழுந்துச்சு பெரியப்பா. டிரான்ஸ்மிட்டர்ல பவர் தர்ற பாகம் எரிஞ்சு போச்சு. எண்பதாயிரம் கேக்குறாங்க. கையில இருக்கறது பதினோராயிரம்." கொஞ்சம் விட்டு, "அப்புறம் பெரியப்பா, அடுத்த மாசத்துல இருந்து நானும் வரலை. திருச்சியில வேலை கிடைச்சிருக்கு"ன்னா. அவளுக்கு மைக் பிடிக்கக் கத்துக் கொடுத்ததே அந்த நிலையந்தான். இருந்தாலும் போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எட்டாயிரம் சம்பளம். அதுவும் ரெண்டு மாசமா பாக்கி.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி வரும். இந்தக் காலத்துல ரேடியோ யார் சார் கேக்குறாங்க? நியாயமான கேள்விதான். அதனால இது என்ன மாதிரி ரேடியோன்னு முதல்ல சொல்லிடறேன்.

வான் அலைகள் பொதுச்சொத்து, அது அரசாங்கத்துக்கு மட்டும் சொந்தமில்லைன்னு உச்ச நீதிமன்றம் 1995-ல தீர்ப்புச் சொன்னது. அதுக்கப்புறந்தான் சமுதாய வானொலின்னு ஒண்ணு பிறந்தது. முதல்ல கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி. 2004-ல சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல நாட்டிலேயே முதல் வளாக வானொலி வந்தது. 2006-ல தொண்டு அமைப்புகளும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தலாம்னு கதவைத் திறந்தாங்க. 2008-ல தெலங்கானாவுல மச்னூர்ங்கற கிராமத்துல தலித் பெண்களே நடத்துற சங்கம் ரேடியோ ஒலிக்க ஆரம்பிச்சது. நம்ம பாம்பன்ல மீனவர்களுக்காகவே 2016-ல இருந்து கடல் ஓசை இருக்கு. எங்களோடதும் அந்த வகைதான். நூறு வாட்ஸ். முப்பது மீட்டருக்கு மேல கோபுரம் கட்டக்கூடாது. சுத்துவட்டாரம் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் எட்டும். அதைத் தாண்டினா இரைச்சல்.

இவ்வளவு சின்ன வட்டத்துக்கு எதுக்கு ஒரு வானொலின்னு கேட்டா, வட்டம் சின்னதா இருக்கறதுதான் அதோட பலம்.

நாங்க கடைமடைக்காரங்க. ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா அது சென்னைக்குச் செய்தி. டிவியில மலர் தூவுறதைக் காட்டுவாங்க. எங்களுக்கு வேண்டியது அது இல்லை. கல்லணையைத் தாண்டி, ஆறு பிரிஞ்சு, வாய்க்கால் பிரிஞ்சு, எங்க மதகுக்குத் தண்ணி என்னைக்கு வரும், முறை வச்சு விடுறாங்களா, எந்த ஷட்டர் இறங்கியிருக்கு. இதை எந்தப் பெரிய வானொலியும் சொல்லாது, சொல்லவும் முடியாது. எங்க நிலையத்துல காலை ஆறரைக்குச் சொல்லுவாங்க. லஸ்கருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுச் சொல்லுவாங்க.

அறுவடை நேரத்துல நேரடி கொள்முதல் நிலையம். எந்த ஊர்ல திறந்திருக்கு, எங்க சாக்கு இல்லை, எங்க நெல்லு குவிஞ்சு கிடக்கு. ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. தெரியாம டிராக்டர்ல நெல்லைக் கொண்டு போய் ரோட்டுல கொட்டிட்டு, மூணு நாள் மழையில தார்ப்பாய் பிடிச்சுக்கிட்டு நின்னவனுக்குத்தான் அந்த ஒரு வரித் தகவலோட விலை தெரியும்.

வானொலிக்கும் எங்க டெல்டாவுக்கும் இருக்கற உறவு இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. அறுபதுகள்ல ஆடுதுறை 27-ன்னு ஒரு நெல் வந்தது. திருச்சி வானொலியில அதைப் பத்தித் திரும்பத் திரும்பப் பேசினாங்க. கேட்டவங்க எல்லாம் விதை வாங்கிப் போட்டாங்க. பேரே 'ரேடியோ நெல்'லுன்னு ஆயிடுச்சு. எங்க அப்பா கடைசி வரைக்கும் அதை ஆடுதுறைன்னு சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நெல்லுக்குப் பேர் வைக்கற அளவுக்கு நம்பிக்கை வாங்கின சாதனம் இது.

கஜா புயலையும் சொல்லியாகணும். 2018 நவம்பர் 16 விடியக்காலை. விடிஞ்சு பார்த்தா தென்னை மரம் ஒண்ணு நிக்கல. கரண்ட் போச்சு, செல்போன் டவரும் போச்சு. பேட்டரி ரேடியோவுல ஆகாசவாணி கேட்டோம். மாவட்டம் மாவட்டமாச் சொன்னாங்க. எங்க ஊர் பேர் வரல. அதைத் தப்புன்னு சொல்லலை, அத்தனை ஊரையும் அவங்க சொல்ல முடியாது. எங்க நிலையமும் அப்ப ஊமைதான், கோபுரம் சாய்ஞ்சிருந்தது. நாலாம் நாள் மூங்கில் கட்டி நிமித்தி, ஜெனரேட்டர் கடன் வாங்கிப் பேச ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்தது குடிதண்ணி லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குன்னு ஒரு பட்டியல். அதுல எங்க ஊர் பேரும், எங்க ஊர் காலனி பேரும் தனித்தனியா வந்துச்சு. எங்க ஆளுங்க இருக்கறதை யாரோ கவனிச்சிருக்காங்கன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

இப்ப பணத்துக்கு வர்றேன்.

நிலையத்தோட கணக்கு நோட்டை நானே வாங்கிப் பார்த்தேன். மூணு பேர் சம்பளம், கரண்ட் பில், கட்டட வாடகை, வருஷா வருஷம் கட்டவேண்டிய அலைவரிசைக் கட்டணம், ரிப்பேர், டீச்செலவு. எல்லாம் சேர்த்து மாசம் அறுபதாயிரம் பக்கம் வருது. வரவு முப்பதைத் தாண்டினா அது நல்ல மாசம். ஆரம்பிக்கறப்போ கருவி வாங்க உதவி பண்ண ஆள் இருந்தாங்க. ரிப்பன் வெட்ட வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க. ஆனா கரண்ட் பில் கட்டுறப்போ யாரும் போட்டோ எடுக்க வர்றதில்லை. மோட்டாருக்கு மானியம் உண்டு, காயில் எரிஞ்சா மானியம் கிடையாதுன்னு விவசாயிக்குத் தெரியும். அதே கதை இங்கயும்.

விளம்பரம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. 2024-ல மணிக்கு ஏழு நிமிஷம்னு இருந்த விளம்பர நேரத்தைப் பன்னெண்டு நிமிஷமாக் கூட்டினாங்க. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயா இருந்ததை 74 ஆக்கினாங்க. நல்ல விஷயந்தான். காகிதத்துல போட்டுப் பாருங்க, பன்னெண்டு நிமிஷமும் நிரம்பினா ஒரு மணி நேரத்துக்கு 5,328 ரூபா. நிரம்பணுமே! ஒரு மாசம் பூரா வர்ற அரசு விளம்பரம் எங்களுக்கு அரை மணி நேரம் தேறாது. அந்தப் பணமும் ஒலிபரப்பி முடிச்சு எத்தனையோ மாசம் கழிச்சுத்தான் வருது. உள்ளூர் உரக்கடைக்காரர் விளம்பரம் கொடுப்பார், பணத்துக்குப் பதிலா "அறுவடை முடியட்டும் சார்"ம்பார். அவர் எங்களுக்குச் சொல்ற பதில், நாங்க அவருக்குச் சொன்ன பதில்தான். ஊர்ல எல்லாக் கடனும் அறுவடையிலதான் போய் முட்டும்.

பணத்தை விட எனக்கு எரிச்சல் செய்தித் தடை. தனியார் வானொலியும் சமுதாய வானொலியும் சொந்தமாச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம். யூடியூப்ல எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் பேசலாம், பத்து கிலோமீட்டர் எட்டுற எங்க வானொலி மட்டும் எங்க கிராமசபையில என்ன நடந்துச்சுன்னு சொன்னா பிரச்சினை. தண்ணி வரும்னு சொல்லலாம். ஏன் வரலைன்னு தோண்டினா, இது செய்தி ஆச்சேன்னு பயம். ஜனங்க எதைக் கேக்க ஓடி வருவாங்களோ அதைச் சொல்ல விடாம, கேக்க ஆள் இல்லைன்னா என்ன நியாயம்?

எல்லாத் தப்பையும் மத்தவங்க மேல போட்டா அது பொய். எங்க பக்கமும் கோளாறு இருக்கு. அஞ்சு பேர் குரலையே வருஷக்கணக்கா ஒலிபரப்பினோம். அதுல நானும் ஒருத்தன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு 'வயலும் நாமும்'னு பேசுறேன்னு பேர். மூணு வருஷமா வேப்பம் புண்ணாக்கையே திருப்பித் திருப்பிப் பேசியிருக்கேன். கேட்டவங்க என்ன நினைக்கறாங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டோமா? இல்லை. நடவுப் பொம்பளைங்க வரப்புல போனை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்களை வானொலிக்குக் கூட்டிட்டு வந்தப்போ பாட்டுப் பாடச் சொன்னோம், கூலியைப் பத்திப் பேசச் சொல்லலை.

இன்னொண்ணு, போனே மாறிடுச்சு. பழைய பட்டன் போன்ல எஃப்எம் இருக்கும். இயர்போன் ஒயர்தான் ஏரியல். புதுப் போன்ல ஒயர் சொருக ஓட்டையே இல்லை. எஃப்எம் வசதியை எடுக்காதீங்கன்னு மத்திய அரசு 2023-ல போன் கம்பெனிகளுக்கு அறிவுரை சொல்லுச்சு. அறிவுரை அறிவுரையாவே இருக்கு. ஆப்ல கேளுங்கன்னு எங்க பசங்க சொல்றாங்க. ஆப்புக்கு டேட்டா வேணும், டவர் வேணும். கஜா மாதிரி ஒரு நாள்ல ரெண்டும் இருக்காது. வாட்ஸாப் குரூப் எங்க ஊருக்கும் நாலு இருக்கு. அணை உடைஞ்சிருச்சுன்னு அதுல ஒருத்தன் போட்டா, யார் போட்டது, எந்த ஊர் அணைன்னு கேக்க ஆள் இல்லை. வானொலியில தப்பாச் சொன்னா மறுநாள் கடைத்தெருவுல சட்டையைப் பிடிச்சுக் கேக்கலாம். ஏன்னா, சொன்னவன் நம்ம ஊர்க்காரன்.

சரி, என்னதான் பண்ணலாம்?

டெல்லியில இருந்து ஒரு திட்டம் வந்து எங்களைக் காப்பாத்தும்னு எனக்கு நம்பிக்கை இல்லை. அரசாங்கம் பண்ணவேண்டியது ரெண்டே ரெண்டு. கொடுத்த விளம்பரத்துக்குத் தொண்ணூறு நாளுக்குள்ள பணத்தைக் கொடுக்கணும். உள்ளூர்ச் செய்தி சொல்ல விடணும். மீதி எங்க வேலை.

எங்க பக்கம் ஏரி, வாய்க்காலை அந்தக் காலத்துல குடிமராமத்துல பார்த்துக்கிட்டாங்க. வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. அந்த வழக்கம் போனப்புறம் வாய்க்கால்ல ஆகாயத்தாமரைதான் மண்டிக் கிடக்கு. வானொலியும் ஒரு பொது வாய்க்கால்னு நினைக்கிறேன். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுற மாதிரி, வீட்டுக்கு மாசம் பத்து ரூபா. எங்க வட்டத்துக்குள்ள எட்டாயிரம் வீடு இருக்கும். பாதிப் பேர் கொடுத்தாக்கூட நாப்பதாயிரம். மீதியை உரக்கடையும் ஜவுளிக்கடையும் பார்த்துக்கும்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, மறைக்கக் கூடாது. தலைக்கட்டு வரின்னா காலனியை ஒதுக்கி வச்சு வாங்குற பழக்கம் நிறைய ஊர்ல இருக்கு. வரி கட்டாதவனுக்குக் கோயில்ல மரியாதை கிடையாது. வானொலி அப்படி ஆச்சுன்னா அது இரைச்சலாவே இருந்துட்டுப் போகட்டும். இங்க எல்லாத் தெருவும் கொடுக்கணும், எல்லாத் தெருவும் பேசணும், கொடுக்க முடியாதவங்களும் பேசணும். கமிட்டியில பாதிப் பேர் பெண்களா இருக்கணும். பணம் கொடுத்தவன் கேள்வி கேப்பான். "என்னய்யா மூணு வருஷமா வேப்பம் புண்ணாக்கு?"ன்னு எங்கிட்டயும் கேப்பான். கேக்கட்டும். அப்பத்தான் நானும் வேற எதையாவது படிப்பேன்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கற எங்க ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கும்பாபிஷேகத்துக்கு நீங்க அனுப்புற பணத்தை நான் குறை சொல்லல. கோபுரத்துல உங்க பேர் கல்வெட்டா இருக்கும். வானொலிக்குக் கொடுத்தா கல்வெட்டு கிடையாது. ஆனா இங்க தனியா இருக்கற உங்க அம்மாவுக்கு அது சாயங்கால நேரத்துல ஒரு பேச்சுத் துணை. நாளைக்குத் தண்ணி வருமா, ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வர்ற நாள் எது, மழை வருமா. இதெல்லாம் நீங்க போன்ல சொல்ல முடியாதது.

வர்ற ஞாயித்துக்கிழமை நிலையத்து வாசல்ல, புங்கமரத்தடியில கூட்டம் போட்டிருக்கோம். பன்னெண்டு ஊருக்கு நானும் இன்னும் ரெண்டு பேரும் சைக்கிள்லயும் வண்டியிலயும் போய்ச் சொல்லிட்டு வந்தோம். எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாது. அந்தப் பொண்ணு திருச்சிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு மைக் பிடிக்கக் கத்துக் கொடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. அதுல ஒருத்தி நடவு வேலைக்குப் போறவ.

எதிர்வீட்டு ஆயா நேத்து வந்து ரெண்டு பத்து ரூபா நோட்டைத் திண்ணையில வச்சாங்க. "கூட்டத்துக்கு என்னால நடக்க முடியாது தம்பி. இந்த மாசத்துக்கும் அடுத்த மாசத்துக்கும்." அடுத்த மாசம் ரேடியோ பேசுமான்னு எனக்கே தெரியாது. இருந்தாலும் வாங்கி நோட்டுல எழுதிக்கிட்டேன். முதல் வரியில ஆயா பேர்தான் இருக்கு.