ஒருநாள் குதிரை போதாது

குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தில் 2018 மார்ச் 29 அன்று 21 வயது தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் அவர் குடும்பம் ஒரு குதிரை வாங்கியிருந்தது. வாங்கிய நாளிலிருந்தே மிரட்டல் வந்துகொண்டிருந்தது என்று தந்தை சொன்னார். பயந்துபோய் மகன் குதிரையை விற்றுவிடலாம் என்று நினைத்ததாகவும், விற்க வேண்டாம் என்று தானே தடுத்ததாகவும் அவர் சொன்னதை அன்றைய செய்திகள் வெளியிட்டன. மகனின் ஆசைக்குத் துணை நின்றதற்காக ஒரு தகப்பன் வாழ்நாள் முழுவதும் தன்னையே நொந்துகொள்ளும் நிலையில்தான் இந்தச் சமூகம் அவரை நிறுத்தியிருக்கிறது.

அந்தக் கொலைக்கு ஒன்பது நாள் முன்பு, மார்ச் 20 அன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உடனடிக் கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் தடைகள் போட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, அதை எதிர்த்து நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று ஒருபக்கம் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் இந்தச் சாவு. அந்தப் பரபரப்பில், குதிரை ஏறியதற்காக நடந்த இன்னொரு தாக்குதல் என்ற அளவில் செய்தி கடந்துபோனது. ஆனால் இது வழக்கமான குதிரைச் செய்தி இல்லை. இங்கே கல்யாணமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. அந்த இளைஞர் தன் சொந்தக் குதிரையில் சாதாரண நாட்களில் போய்வந்துகொண்டிருந்தார். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

வட மாநிலங்களில் குதிரை என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது மாப்பிள்ளை ஊர்வலம். 2015-இல் மத்தியப் பிரதேசம் ரத்லம் மாவட்டத்தில் குதிரை மேல் வந்த தலித் மாப்பிள்ளை மீது கல் வீசினார்கள். கடைசியில் போலீஸ் கொடுத்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் தன் கல்யாணத்துக்குப் போனார். 2018-இல் உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், பெண் வீட்டு ஊருக்குள் ஊர்வலம் போகும் உரிமைக்காக ஒரு மாப்பிள்ளை அதிகாரிகள், காவல்துறை, உயர் நீதிமன்றம் என்று மாதக்கணக்கில் அலைந்தார். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று அவருக்குப் பதில் சொன்னார்கள். 2019 மே மாதம் குஜராத் மேசானா மாவட்டத்தில் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறியதற்காகத் தலித் மக்கள் அனைவர் மீதும் சமூகப் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் கல்லடி பட்ட மாப்பிள்ளை ஓர் இராணுவ வீரர். எல்லையில் நிற்கலாம், ஊர்த்தெருவில் குதிரை மேல் உட்காரக் கூடாது என்றால் இந்தத் தேசப்பற்றுக்கு என்ன அர்த்தம்?

அரசும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ராஜஸ்தானின் பூந்தி மாவட்ட நிர்வாகம் 2022-இல் சமத்துவம் என்ற பொருளில் 'ஆபரேஷன் சமந்தா' என்று பெயர் வைத்து, தலித் மாப்பிள்ளைகளைப் போலீஸ் காவலோடு குதிரை ஏற்றியது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்தக் காவலும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை குதிரையை விட்டு இறங்கியதும் போலீஸ் வண்டி கிளம்பிவிடுகிறது. குதிரையும் வாடகைக்கு வந்தது, அதுவும் போய்விடுகிறது. ஊர் பழையபடியே இருக்கிறது.

சட்டமும் அந்த ஒருநாளைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் பிரிவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட குற்றங்களில் ஒன்று, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதை, திருமண ஊர்வலம் நடத்துவதைத் தடுப்பது. அதே வரிசையில் குதிரையும் வருகிறது. ஆனால் எப்படி வருகிறது? திருமண ஊர்வலத்தின்போது குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுத்தால் குற்றம். சைக்கிளுக்கு இல்லாத நிபந்தனை குதிரைக்கு மட்டும் இருக்கிறது. கொலை, தாக்குதல், சாதி சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவற்றுக்கு வேறு பிரிவுகள் உண்டுதான். ஆனால் "குதிரையை விற்றுவிடு, இந்தத் தெருவில் ஓட்டாதே" என்று தடுப்பதையே குற்றமாக்கும் இந்த வரி, கல்யாணம் இல்லாத நாளில் குதிரையோடு நிற்கும் இளைஞருக்கு நேரடியாகக் கைகொடுக்கவில்லை. ஒரு தலித் தனக்கென்று குதிரை வைத்திருப்பார் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சொந்தக் குதிரை என்பது வாடகைக் குதிரை போல அரைமணி நேர விஷயம் கிடையாது. அதைக் கட்ட இடம் வேண்டும், தீவனம் வேண்டும், மேய்ச்சல் நிலம் வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், லாடம் அடிக்க ஆள் வர வேண்டும். தினமும் வெளியே கொண்டுபோய் நடத்தவும் ஓட்டவும் வேண்டும். இதில் ஒவ்வொன்றும் ஊருக்கும் சேரிக்கும் நடுவே போட்டிருக்கும் கோட்டைத் தாண்டித்தான் நடக்கும். பொதுக்குளம் யாருடையது, மேய்க்கால் புறம்போக்கு யார் கையில் இருக்கிறது, எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற கேள்விகளெல்லாம் குதிரையோடு சேர்ந்தே வருகின்றன. சேர்த்த பணத்தை வங்கியில் வைக்கலாம், நகையைப் பெட்டிக்குள் பூட்டலாம், பட்டத்தை ஃபைலுக்குள் வைத்துக்கொள்ளலாம். குதிரையை அப்படி மறைக்க முடியாது. அதில் போகிறவரின் தலை திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே போகும். அதுவும் ஒருநாள் இல்லை, தினமும் போகும். குதிரைகளுக்குப் பேர்போன சௌராஷ்டிரத்தில், காத்தியாவாரி இனம் பிறந்த மண்ணில், அது யாருடைய கௌரவமாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உழைப்புக்கும் பயணத்துக்கும் குதிரை தேவைப்பட்ட காலமும் போய்விட்டது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-இல் நாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரையே அருகிப்போன காலத்திலும் அதன் மேல் யார் உட்காரலாம் என்ற காவல் மட்டும் குறையவில்லை.

இது வடநாட்டுக் கதை என்று தமிழ்நாட்டில் யாரும் நிம்மதி அடைய வேண்டாம். 1930-இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் 'இந்தியாவில் சாதி' நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, தங்க நகை கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசித் தடையில் குதிரை வருகிறது. கல்யாணத்தில் குதிரையில் ஊர்வலம் போகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமாம். வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டுமாம். வேறு எந்த வாகனமும் கூடாதாம். நாம் கவனிக்க வேண்டியது 'பழக்கம்' என்பதை. அப்படியென்றால் நம் பாட்டன்மார் ஏற்கெனவே குதிரையில் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். போனதனால்தான் தடை வந்தது. சக்கிலியர் வீட்டில் வளர்ந்ததாகக் கதை சொல்லும் மதுரை வீரனைக் குதிரை மேல் வைத்துக் கும்பிடும் நாடு இது. சாமிக்குக் குதிரை, சந்ததிக்குத் தடை.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலிலும் இதையேதான் பார்க்கிறோம். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில் விருந்தில் நெய் பரிமாறியதற்காகத் தாக்கினார்கள். குஜராத்தில் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கினார்கள். நெய்யும் குடமும் அவர்கள் தங்கள் காசில் வாங்கியவை. வறுமையில் கிடக்கும் தலித்தைப் பார்த்துச் சாதிக்குக் கோபம் வருவதில்லை. அவர் தன் சம்பாத்தியத்தைத் தன் சந்தோஷத்துக்குச் செலவழிக்கும்போதுதான் அது அரிவாளை எடுக்கிறது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். அங்கே குதிரை, இங்கே புல்லட், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் ஒரு கேள்வி வரும்: "இவனுக்கு எதுக்குக் குதிரை? இவனுக்கு எதுக்குப் புல்லட்?" ஆதிக்கச் சாதி கேட்டால் அதன் பொருள் நமக்குத் தெரியும். நம்மோடு நிற்கும் முற்போக்கு நண்பர்களும், சில சமயம் நம் பெரியவர்களுமே வேறு குரலில் கேட்கிறார்கள். முதலில் படிப்பு, வேலை, நிலம். ஆடம்பரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்த அக்கறையின் பின்னால் பயம் இருப்பது எங்களுக்குப் புரிகிறது. பிள்ளை உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்ற பயம். ஆனால் அந்தப் பயத்தை அறிவுரையாக மாற்றி இளைஞர்கள் தலையில் ஏற்றும்போது தடை போட்டவனின் வேலையை நாம் செய்கிறோம். குதிரைப்பிரியரான பண்ணையார் வீட்டுப் பையனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அவனுக்குப் பிடித்திருக்கிறது, அது போதும். நம் பையனோ பெண்ணோ குதிரை வேண்டும் என்றால் மட்டும் அது போராட்டமாக, எதிர்ப்புக் குறியீடாக, வரலாற்று மீட்பாக இருந்தாக வேண்டுமா? குதிரை அழகாக இருக்கிறது, அதைத் தேய்த்துக் குளிப்பாட்டப் பிடிக்கும், அது என் குரலுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போதாதா? எல்லோருக்கும் இருக்கும் சின்ன ஆசைகள் நமக்கும் இருக்கலாம் என்பதும் சமத்துவத்தில் சேர்ந்ததுதான்.

எனவே நாங்கள் கேட்பது இவை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அந்த வரியில் 'திருமண ஊர்வலத்தின்போது' என்ற நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். எந்த நாளிலும், எந்தத் தெருவிலும், எந்த வாகனத்திலும் விலங்கிலும் போவதைத் தடுப்பது குற்றமாக வேண்டும். மிரட்டல் புகார் வந்ததும் வழக்குப் பதிய வேண்டும். சமாதானம் பேசிப் "பொருளை வித்துடுப்பா" என்று அனுப்பும் அதிகாரி மீது, கடமை தவறும் அரசு ஊழியருக்கான நான்காம் பிரிவு பாய வேண்டும். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்றும் சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள். மேய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளையும் அந்தக் குழுவின் முன் கொண்டுபோங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குதிரை வேண்டும் என்று யாராவது கேட்டால், ஏன் என்று கேட்காதீர்கள். எங்கே கட்டுவது, தீவனத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும், காலையில் யார் எழுந்து பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். மற்ற வீடுகளில் கேட்கும் கேள்விகள் அவைதான். மிரட்டல் வந்தால் அந்தக் குடும்பத்தைத் தனியாக விடாமல் சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போவது நம் எல்லோர் வேலை.