மின்னலுக்கும் ஒரு கணக்கேடு

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்த தாழ்வான நிலப்பகுதி காட்டுப்பள்ளி. அங்கே துறைமுகத்தின் பளுதூக்கிகளும், சற்றுத் தெற்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் வானளாவ நிற்கின்றன. அதே வானத்தின்கீழ் மீனவர்கள் திறந்த படகுகளில் வலை வீசுகின்றனர். மின்னலிடமிருந்து இவ்விரு சாராரையும் காக்க வேண்டுமெனில், முதலில் அதனை அளந்தறிதல் வேண்டும்.

இடிதாங்கி பொருத்திவிட்டால் கடமை முடிந்தது என்று பலரும் கருதுகின்றனர். பெஞ்சமின் பிராங்கிளின் சிந்தனையில் பிறந்த அக்கருவி, மின்னலைத் தன்மேல் ஏற்று மண்ணுக்குள் செலுத்துகிறது. எவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தது, அதனால் எது பழுதுற்றது என்பவற்றை அது கூறுவதில்லை.

இக்குறையின் விளைவைக் காற்றாலைகளில் காணலாம். முப்பந்தல் போன்ற இடங்களில் சுழலும் காற்றாலைகளின் இறக்கை முனையில் மின்னலை ஏற்கும் உலோகப் பகுதி உண்டு. மின்னல் அதனைத் தவறவிட்டு இறக்கையினுள் புகுந்தால், உள்ளிருக்கும் ஈரம் நொடிப்பொழுதில் ஆவியாகி இறக்கையைப் பிளந்துவிடும். சிறு விரிசலோ தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, கோபுரத்தைச் சுற்றி ரோகோவ்ஸ்கி சுருள் என்னும் கம்பிச்சுருளைப் பொருத்தி, பாயும் மின்னோட்டத்தை அளக்கின்றனர். மின்னலின் உச்ச மின்னோட்டம் பொதுவாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அரிதாக 2 இலட்சத்தையும் எட்டும். உச்ச மின்னோட்டம் மின்னணுக் கருவிகளைக் கெடுக்கும். மொத்த மின்னூட்டம் உலோகத்தை உருக்கும். எனவே, மின்னல் எத்தனை முறை தாக்கியது என்று எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொரு தாக்குதலின் தன்மையையும் பதிவு செய்தல் வேண்டும்.

‘நாடெங்கும் மின்னல் உணரிகள் உள்ளனவே, தனிக்கருவி எதற்கு?’ என்று சிலர் வினவலாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் உணரிகள், மின்னல் வெளியிடும் வானொலி அலைகளைக் கொண்டு அது தோன்றிய இடத்தைக் கணிக்கின்றன. ‘தாமினி’ செயலி அச்செய்தியை மக்களுக்கு உணர்த்துகிறது. ஆனால், மிக உயர்ந்த கட்டமைப்புகளிலிருந்து மின்னல் மேல்நோக்கியும் எழுவதுண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 1930களில் நிகழ்ந்த ஆய்வுகள் இதனை வெளிப்படுத்தின. இவ்வகை மின்னலில் சில நூறு ஆம்பியர் மட்டுமே நீண்டு பாய்வதுண்டு. அதனைத் தொலைவிலுள்ள உணரி தவறவிடக்கூடும். கட்டமைப்பிலேயே உள்ள கருவி தவறவிடாது. ஆதலால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும்.

கருவிக்குச் செலவாகும் என்பது உண்மையே. பழுதறியாமல் சுழலும் இறக்கை முறிந்தால் ஏற்படும் இழப்போ அதனினும் பெரிது. ஆயினும், பொருளிழப்பைத் தடுப்பதோடு அளவீட்டின் பயன் நின்றுவிடலாகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தோர் 2,887 பேர். வயலிலும் நீர்நிலையிலும் திறந்தவெளியிலும் உழைப்போர்க்கு இடிதாங்கி ஏது? உரிய நேரத்தில் கிட்டும் எச்சரிக்கையே அவர்களுக்குக் காப்பு.

ஆகவே, உயர்ந்த கட்டமைப்புகளை உடைய நிறுவனங்கள் மின்னல் பதிவுகளை ஆய்வு நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். உணரிகளின் கணிப்பைச் சரிபார்க்க அவை உதவும். மின்னலுக்கு அஞ்சிப் பளுதூக்கியை நிறுத்துமாறு ஒலிக்கும் எச்சரிக்கை, அருகிலுள்ள மீனவக் குப்பத்திலும் ஒலிக்க வேண்டும். பளுதூக்கியை இயக்குபவரின் உயிரும் படகில் இருப்பவரின் உயிரும் ஒன்றே அன்றோ!