சோளமாக் களியும் நமது அடுப்பும்



சோளமாக் களி என்றதும் நம்மில் சிலருடைய முகம் சுருங்கிவிடும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உலக உணவுத் திட்டம் கொடுத்த, சோளமும் சோயாவும் கலந்த மா அது. விறகுக்கும் தண்ணீருக்கும் அல்லாடிய நேரத்தில் அரைவேக்காடாகக் கிண்டிக் கொடுத்ததைப் பிள்ளைகள் துப்பினார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. அந்த மாவை மட்டும் வீட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்று இன்றும் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள்.

கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1977லும் 1983லும் நடந்த கலவரங்களுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிறகு போரில் அகப்பட்டு, முகாமில் இருந்து, உறவினரைத் தேடி மறுபடியும் மலைக்கே வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாமாக ஆசைப்பட்டுச் சமைப்பது ஒன்று, அட்டையைக் காட்டி வரிசையில் நின்று வாங்குவது இன்னொன்று. அந்த மாவின் ருசி கெட்டது வரிசையில்தான்.

களி நமக்குப் புதிதல்ல. நமது பாட்டிமார் குரக்கனில் கிண்டினார்கள். பக்கத்துச் சிங்கள வீட்டில் அதையே தலப என்பார்கள். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலும் இங்குள்ளவர்கள் குரக்கன் உண்பதை எழுதியிருக்கிறார். சோளன் அமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து பின்னால் வந்த தானியம். சிங்களத்தில் அதற்குப் பட இறிங்கு என்று பெயர். நமது பழைய தமிழிலும் இறுங்கு என்ற சொல் உண்டு, அது வேறொரு சோள வகையைக் குறிக்கும். கென்யாப் பெண்கள் சோளமாவில் கிண்டுவது உகாலி, சிம்பாப்வேயில் சட்ஸா, இத்தாலியில் பொலெண்டா. எல்லாம் ஒரே அகப்பை வேலைதான்!

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் திரிபோஷ. 1973இல் கெயார் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம் இது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் சேர்ந்த 750 கிராம் பக்கற் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பக்கற் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். மூன்று பிள்ளைகள் பசியோடு பார்த்திருக்க, ஒன்றுக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாயால் முடியும்? இரண்டு நாளில் பக்கற் முடிந்துவிடும். மருத்துவமாது தராசில் பார்த்துவிட்டு, ஏன் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை என்று தாயைத்தான் கேட்பார். கர்ப்பிணிப் பெண் தன் பங்கைத் தொடுவதே இல்லை. அவளிடம் அதை யாரும் கேட்பதும் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் போதுமான ஒரு சட்டி சோளமாக் களி இருந்தால், பக்கற்றை உரியவருக்கென எடுத்து வைக்கலாம். 2022இல் பொருளாதார நெருக்கடியால் திரிபோஷவுக்கே தட்டுப்பாடு வந்தபோது, வீட்டில் மா அரைக்கத் தெரிந்தவர்கள் ஓரளவாவது சமாளித்தார்கள்.

சோளன் பெரும்பாலும் ஐப்பசி மழையோடு விதைக்கப்படுகிறது. மொனராகலை, அனுராதபுரம், அம்பாறை, மகியங்கனைப் பக்கங்களில் மாசி, பங்குனி அளவில் அறுவடையாகும். நாட்டில் விளைவதில் பெரும்பகுதி கோழித்தீனுக்குப் போகிறது. மலிவாக இருக்கிறதென்று தீன் கடையில் வாங்காதீர்கள். ஈரம்பட்ட சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுக்கும், பிள்ளைகளின் வளர்ச்சியையும் பாதிக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. 2022இல் திரிபோஷவைப் பற்றி எழுந்த சர்ச்சையும் இதைப் பற்றியதே. கண்டி மழையில் மூட்டையைத் தரையில் வைத்தால் ஒரு கிழமை போதும், பூத்துவிடும். ஆகவே நல்ல வெயிலில் காயவைத்து, கறுத்ததையும் பச்சை பூத்ததையும் சுளகில் பொறுக்கி எறியுங்கள். பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். பிறகு இலேசாக வறுத்து மில்லில் அரைத்து, அரித்து, காற்றுப் புகாத டின்னில் போடுங்கள். மா நாள்பட்டால் கசக்கும், எனவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

நான்கு பேருக்கு இரண்டு கோப்பை மா, எட்டுக் கோப்பை தண்ணீர். முதலில் மாவை இரண்டு கோப்பை பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். கொதிநீரில் மாவை நேரே கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். மிச்சம் ஆறு கோப்பை உப்புப் போட்டுக் கொதித்ததும், கரைத்ததை ஊற்றிக் கிண்டுங்கள். நெருப்பைக் குறைத்து, அரைமணி நேரமாவது அடிக்கடி கிண்டி வேகவிட வேண்டும். இதில்தான் அவசரப்படக்கூடாது. மா பச்சையாக மணக்காமல், சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்தால் வெந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பூவும் கித்துள் கருப்பட்டியும், பெரியவர்களுக்குக் கட்டைச் சம்பலும் பொருத்தம்.

ஆனால் களியை மட்டும் தினமும் சாப்பிடுவது கூடாது. மெக்சிக்கோப் பெண்கள் ஆதியிலிருந்தே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்துத்தான் அரைத்தார்கள். அப்படிச் செய்தால் அதிலுள்ள நயாசின் என்ற விற்றமின் உடம்பில் சேரும். ஐரோப்பியர் விதையைக் கொண்டுபோனார்கள், சமைத்த பெண்களிடம் முறையைக் கேட்கவில்லை. வட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் தோல் வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலித்துப் பெலாக்ரா நோயில் மாண்டார்கள். நாம் சுண்ணாம்பைத் தேட வேண்டியதில்லை. மூன்று பங்கு சோளமாவுக்கு ஒரு பங்கு வறுத்த பயற்றமா சேருங்கள், அல்லது களியோடு பருப்பும் முருங்கையிலையும் வையுங்கள். முட்டையோ நெத்தலியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பயற்றமா சேர்த்த களியைத் தளர்வாக, ஆனால் கரண்டியில் நிற்கும்படி கொடுக்கலாம். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து ஏறாது.

முகாம் நினைவு வந்து தொண்டையில் இறங்காதவர்கள் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். குரக்கனிலும் இதே அளவில் கிண்டலாம், தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவு மிஞ்சிய சோளமாக் களியைத் தட்டில் பரப்பி மூடி வையுங்கள். காலையில் துண்டு போட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இருபுறமும் சிவக்கச் சுட்டால், பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாண் வாங்கும் காசு மிச்சம்.