குறி தவறாத துப்பாக்கி எது?

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு ரைபிள் வாங்குவோர் பலர், "100 கஜத்தில் 1 அங்குலத்துக்குள் சுடுமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேள்வி சரிதான், ஆனால், அது மட்டும் போதாது.

1936-ல் வந்த வின்செஸ்டர் 70, 1958-ல் வந்த சாவேஜ் 110, 1962-ல் வந்த ரெமிங்டன் 700 மூன்றும் ஆலைத் தயாரிப்புகளே. மூன்றும் குறிக்குப் பேர் பெற்றவை. இவற்றில் சாவேஜ் மலிவாக வந்தது. குறியில் மட்டும் குறை வைக்கவில்லை.

மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் ஏறக்குறைய 8 அங்குல அகலம். 100 கஜத்தில் 1½ அங்குலத்துக்குள் சுடும் ரைபிள், 300 கஜத்தில் ஏறத்தாழ 4½ அங்குலத்துக்குள் சுடும். அதற்குமேல் துப்பாக்கியிடம் எதிர்பார்ப்பது வீண் ஆசை.

மூன்று குண்டுகள் ஒட்டி விழுந்த அட்டையைக் கண்டு மயங்கக் கூடாது. பத்து குண்டாவது சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குழலுக்கு ஒத்த தோட்டா இன்னொன்றுக்கு ஒத்துவராது. இரண்டு மூன்று வகை வாங்கிச் சோதிப்பது நல்லது. கட்டை தோளில் பொருந்துகிறதா, விசை உதறாமல் இழுபடுகிறதா என்பதும் முக்கியம்.

அரை அங்குலத்துக்காக இருமடங்கு விலை கொடுப்பதைவிட, அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கி, மேஜையில் சாய்க்காமல் சுட்டுப் பழகுவதே மேல். குறி தவறினால் வேட்டைக்காரருக்கு ஏமாற்றம். காயத்தோடு புதரில் மறையும் மானுக்கோ அணு அணுவாய்ச் சாவு!