சாலையின் இடது ஓரம்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2014ஆம் ஆண்டில் ஒரு மென்பொருள் பொறியாளர், அலுவலகம் போகும் வழியில் வண்டியை நிறுத்திச் சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். அடிக்கடி டயர் பஞ்சரானதுதான் காரணம். முதலில் கையால் பொறுக்கினார். பிறகு கோல் நுனியில் காந்தத்தைக் கட்டித் திரட்டினார். இரண்டு ஆண்டுகளுக்குள் பல பத்து கிலோ ஆணிகள் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் ஒரே அளவிலும் வடிவிலும் இருந்த அந்த ஆணிகள் தாமாக வந்து விழுந்தவையாக இருக்க முடியாது, பஞ்சர் ஒட்டும் கடைகளுக்கு ஆள் சேர்க்க யாரோ தூவியவை என்ற ஐயம் எழுந்தது. ஆங்கில நாளேடுகள் அவரைப் பாராட்டின. ‘பஞ்சர் மாஃபியா’ என்ற சொல்லும் நகரத்தின் பேச்சில் நிலைத்துவிட்டது.

ஆணி தூவியவர் எவராயினும் குற்றவாளியே. அவரைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. ஆனால் அந்தச் சொல் ஒரு வசதியைச் செய்துகொடுத்தது. நகரின் சாலைகளில் சக்கரங்கள் கிழிவதற்கெல்லாம் தெருமுனையில் காற்றடிக்கும் பம்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பொறுப்பாக்கிவிட்டு, சாலைக்கு உண்மையிலேயே பொறுப்பானவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஒரு தொழிலாளியின் டயரைக் கழற்றிப் பார்த்தால் வேறொரு கதை தெரியும்.

பீன்யா தொழிற்பேட்டைப் பகுதியில் டயரில் ஏறுவது கடைசல் பட்டறையிலிருந்து சிந்திய உலோகச் சுருள். கட்டுமானம் நடக்கும் இடங்களில் ஏறுவது, கம்பி கட்டுவோர் முறுக்கி எறிந்த கட்டுக்கம்பித் துண்டு. தேய்ந்து வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் முடி போன்ற எஃகு இழை கண்ணுக்கே தெரியாது. மெதுவாக உள்ளே துளைத்துச் சென்று, மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் டியூபைக் காற்றில்லாமல் கிடத்திவிடும். மதுப்புட்டியின் கண்ணாடிச் சில்லு டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் ஒட்டுப்போட்டும் பயனில்லை, டயரையே மாற்ற வேண்டும். பள்ளத்தின் கூர்விளிம்பில் சக்கரம் இடித்தால், ரிம்முக்கும் விளிம்புக்கும் இடையே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு பிளவுகள் விழும். காற்றுக் குறைவாக இருந்து பின்னால் சுமையும் இருந்தால் இது நிச்சயம். பால் கேனும் காய்கறி மூட்டையும் கட்டிச் செல்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் சாலையில் எங்கே கிடக்கின்றன என்பதுதான் முக்கியமான கேள்வி. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி சற்று உயர்த்தியும் ஓரங்கள் தாழ்த்தியும் அமைக்கப்படுகின்றன. விரைந்தோடும் கனரக வாகனங்களின் சக்கரங்களும் அவை கிளப்பும் காற்றும் நடுப்பகுதியைத் தாமே துடைத்துவிடுகின்றன. துடைக்கப்பட்ட அனைத்தும், மழைநீர் அடித்துவரும் மணலும் ஜல்லியும் உட்பட, ஓரத்தில் சென்று படிகின்றன. வாகனங்களின் வேகத்துக்கு அஞ்சி மிதிவண்டி ஒதுங்குவதும் அதே ஓரத்துக்குத்தான். குடிநீர் வாரியம், மின்வாரியம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் என ஒவ்வொன்றாக வந்து வெட்டிவிட்டு அரைகுறையாக மூடுவதும் அந்த ஓரத்தைத்தான். வெள்ளைச் சாலை என்று பெருமையோடு போடப்படும் கான்கிரீட் தளம் முடியும் இடத்தில் ஒரு படி இறங்குகிறது. அந்தப் படியும் ஓரத்தில். வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் பொருத்தப்பட்டிருந்தால் குறுகலான மிதிவண்டிச் சக்கரம் அவற்றின் இடுக்கில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஓட்டுபவர் முன்பக்கம் தூக்கியெறியப்படுவார். கம்பிகளைக் குறுக்குவாக்கில் திருப்பி வைக்கக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. ஆக, நகரம் வேண்டாமென்று ஒதுக்கிய குப்பைக்கும் நகரம் ஒதுக்கிய மனிதருக்கும் சாலையில் கிடைத்திருப்பது ஒரே இடம்.

அந்த ஓரத்தை அதிகாலையில் துடைப்பத்தால் கூட்டுகிறவர்கள் பௌரகார்மிகர்கள் எனப்படும் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். அவர்களில் தமிழ் பேசுவோரும் கணிசமானோர். டயரைக் கிழிக்கும் அதே கண்ணாடிதான் அவர்களின் கையையும் கிழிக்கிறது. நெடிய போராட்டத்துக்குப் பின் 2025 மே தினத்தன்று 12,692 பேருக்கு நிரந்தரப் பணி ஆணை கிடைத்தது. துடைப்பத்துக்கு மேல் ஒரு கருவியோ, கையுறை முறையாகக் கிடைப்பதோ இன்னும் கோரிக்கைகளாகவே உள்ளன.

மிதிவண்டி இப்போது யாருக்கு வேண்டும் என்று கேட்போர் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மை, வீட்டுத்தொழில் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோரில் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர் மிதிவண்டியில்தான் சென்றார்கள். காரில் சென்றவர்களைப் போல் பல மடங்கு. அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடத்தாத ஒன்றிய அரசுக்கு, இவர்களில் எத்தனை பேர் இன்று கடன் வாங்கி மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள், எத்தனை பேர் சாலைக்கு அஞ்சி நடக்கத் தொடங்கினார்கள் என்பது தெரியாது. தெரிந்தது ஒன்று: 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள், மிதிவண்டியில் சென்றோர் ஏறத்தாழ 4,800 பேர். சாலைப் பள்ளங்களால் மட்டும் 1,856 பேர் இறந்ததாக ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் கொடுத்தது. பள்ளத்தைத் தவிர்க்கத் திரும்பி, பின்னால் வந்த லாரியில் அடிபட்டவர் இந்தக் கடைசி எண்ணிக்கைக்குள் வருவாரா என்பது காவல் நிலைய எழுத்தரின் பேனாவைப் பொறுத்தது.

சாகாதவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பொம்மனஹள்ளியிலோ மைசூரு சாலையிலோ உள்ள ஆயத்த ஆடை ஆலையின் வாயிலை ஒரு தொழிலாளி பதினைந்து நிமிடம் தாமதமாக அடைந்தால், டயர் பஞ்சர் என்பது காரணமாக ஏற்கப்படுமா? அரைநாள் கூலி போகும். மேற்பார்வையாளரின் வசைமொழி தனி. அன்றைய கூலியில் ஒரு பங்கு ஒட்டுக்கு, அடுத்த மாதம் டியூபுக்கு, அதற்கடுத்து டயருக்கு. சாலையை வெட்டிவிட்டு மூடாமல் போன ஒப்பந்ததாரர் மிச்சம் பிடித்த பணம் இப்படித்தான் ஆயிரக்கணக்கான சட்டைப்பைகளிலிருந்து சிறுசிறு தொகையாக எடுக்கப்படுகிறது.

மிதிவண்டி டயரோடு தமிழர்களுக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபின் ஐரோப்பாவில் மூண்ட மிதிவண்டி மோகம்தான் ரப்பர் வேட்டையை முதலில் விரைவுபடுத்தியது. காங்கோ மக்களின் கைகள் வெட்டப்பட்டதும், பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் கப்பலேற்றப்பட்டதும் அந்தச் சங்கிலியின் கண்ணிகளே. அந்தத் தோட்டத்தின் பாலிலிருந்து வந்த பொருளை இன்றைய கூலித் தொழிலாளி ஓசூர் சாலையின் ஓரத்தில் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. வாகனங்களைக் காட்டிலும் மனிதர்களின் நகர்வுக்கே முன்னுரிமை என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை எழுதிவைத்தது. ஜெயநகரில் 2012-13 காலத்தில் மிதிவண்டித் தடங்கள் வரையப்பட்டன; விரைவிலேயே அவை கார்கள் நிறுத்தும் இடங்களாகின. வெளிவட்டச் சாலையில் 2019இல் பேருந்துக்கென ஒரு தடமும், பெருந்தொற்றுக் காலமான 2020இல் மிதிவண்டிக்கென ஒரு தடமும் கம்பங்கள் நட்டுப் பிரிக்கப்பட்டன. சில்க் போர்டு – கே.ஆர்.புரம் மெட்ரோ பணி தொடங்கியதும் இரண்டும் காணாமற் போயின. மெட்ரோ வேண்டும், பொதுப் போக்குவரத்து வேண்டும் என்று போராடுகிறவர்கள் நாம்தான். எனினும் கட்டுமானத்துக்காக இடம் தேவைப்பட்டபோது பறிக்கப்பட்டது காரின் தடமாக இல்லாமல் பேருந்தின் தடமாகவும் மிதிவண்டியின் தடமாகவும் இருந்தது ஏன்? பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் இயந்திரமில்லா வண்டிகளும் தடைசெய்யப்பட்டு அணுகுசாலைக்கு அனுப்பப்பட்டன. விபத்தைக் குறைக்க என்று சொல்லப்பட்ட காரணத்தில் நியாயமுண்டு. அந்த அணுகுசாலையைச் செப்பனிட்டுவிட்டுத் தடைவிதித்திருந்தால் அந்த நியாயம் முழுமையடைந்திருக்கும்.

இப்போது ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலை அமைக்க 17,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடக் காங்கிரஸ் அரசாங்கம் முனைந்து நிற்கிறது. சுங்கம் கட்டும் கார்களுக்கானது அது. இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப் பின் எரிபொருள் இன்றித் தவித்த கியூபா, சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவண்டிகளை வரவழைத்தது. ஹவானா வளைகுடாவின் அடியில் செல்லும் சுரங்கத்தில் மிதிவண்டி ஓட்ட முடியாது என்றபோது, வண்டியோடு ஆளையும் ஏற்றிச்செல்லும் தனிப் பேருந்துகளை விட்டது. வறுமையிலும் முற்றுகையிலும் இருந்த ஒரு நாடு சுரங்கம் கட்டியபின் யோசித்ததை, பணம் குவியும் நகரம் சுரங்கம் தோண்டுமுன்பே யோசிக்க மறுக்கிறது.

இவ்விவாதத்தில் பாஜக தன்னைச் சாமானியரின் காவலனாகக் காட்டிக்கொள்வதையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் பெங்களூரு டவுன் ஹால் அருகே குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு ஆதரவாக நடந்த கூட்டத்தில், சட்டத்தை எதிர்ப்போரைப் படிப்பறிவில்லாதவர்கள், பஞ்சர் ஒட்டுகிறவர்கள் என்று இகழ்ந்தவர் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா. 2025 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில், ஹரியானாவின் ஹிசாரில் பேசிய பிரதமர் மோடி, வக்பு சொத்துகள் நேர்மையாகப் பயன்பட்டிருந்தால் முஸ்லிம் இளைஞர்கள் சைக்கிள் பஞ்சர் ஒட்டிப் பிழைக்க நேர்ந்திராது என்றார். அவர்களின் வாயில் அந்தத் தொழில் ஒரு வசவு. ஓர் இரும்புத் தட்டில் தண்ணீர், உப்புத்தாள், ரப்பர் துண்டு, பசை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அரசு கைவிட்ட சாலையில் ஒரு தொழிலாளியைப் பத்து நிமிடத்தில் மீண்டும் ஓட வைப்பவர் அவர். ‘பஞ்சர் மாஃபியா’ என்ற சொல் நகரத்தில் இவ்வளவு எளிதாக எடுபட்டதில் இந்த வெறுப்புக்கும் பங்கு இல்லையென்று சொல்லிவிட முடியாது.

யாரிடம் முறையிடுவது? பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல், பாஜக ஆட்சியிலும் காங்கிரஸ் ஆட்சியிலும் அதிகாரிகளே நகரை நடத்தினார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோதும் அவை தேர்தலின்றியே செயல்படத் தொடங்கின. சாலைப் பள்ளங்கள் குறித்து 2015இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு மாநகராட்சி இழப்பீடு தர வேண்டுமென்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2019இல் கூறியது. மும்பை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு படி மேலே சென்று, பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் தரவும், அத்தொகையைப் பொறுப்பான அதிகாரிகள், ஒப்பந்ததாரர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டது. இது கர்நாடகத்திலும் நடைமுறையாக வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் உடனடி வேலை இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியிட விபத்தாகவே கருதப்படும் என்று இஎஸ்ஐ சட்டத்தில் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு உண்டு. மிதிவண்டியிலிருந்து விழுந்து கை முறிந்த தொழிலாளிகள் இந்த உரிமையை அறியாமலேயே விடுப்பைச் சம்பளமின்றிக் கழிக்கிறார்கள். மோதிய வாகனம் என்று ஒன்று இல்லாதபோது காவல் நிலையத்தில் பதிவே இருக்காது; பின்னர் நிரூபிக்க வழியும் இருக்காது. விழுந்த அன்றே பதிவு செய்ய வைப்பது, விழுந்த இடத்தைப் படமெடுத்து வைப்பது, பணி நேரத்தை ஆலையிடம் எழுத்தில் பெறுவது ஆகியவற்றை ஆலைக் கிளைகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

நெதர்லாந்தின் மிதிவண்டித் தடங்களைப் பார்த்து வியப்போர், 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் உட்பட 3,300 பேர் இறந்ததையும், பெற்றோர்கள் தெருக்களை மறித்து நடத்திய இயக்கத்தையும் மறந்துவிடுகிறார்கள். புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை மிதிவண்டியில் ஏற்றியபோது எழுந்த ஏளனமும் நம் தோழர்களுக்கு நினைவிருக்கும்.

பெங்களூரில் உடனே கோர வேண்டியவை பெரிய நிதி கேட்பவையல்ல. மெட்ரோ, கான்கிரீட் சாலை, கேபிள் பணி என எந்த ஒப்பந்தமானாலும், பணி நடக்கும் நாள்தோறும் சாலை ஓரத்தைக் காந்தம் கொண்டு துடைப்பது ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வேண்டும்; தவறினால் பட்டியல் தொகையில் பிடித்தம் செய்ய வேண்டும். வெட்டிய இடத்தைப் பழைய மட்டத்துக்கு மூடியதற்கான சான்றின்றி வைப்புத்தொகையைத் திருப்பித் தரக் கூடாது. வடிகால் கம்பிமூடிகளைக் குறுக்குவாக்கில் மாற்ற வார்டு வாரியாகக் காலக்கெடு அறிவிக்க வேண்டும். தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் சாலைகளிலிருந்தே இது தொடங்க வேண்டும். பூங்காக்களைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டி ஓட்டுவோருக்கான தடங்கள் பின்னர் வரட்டும். ஐந்து மாநகராட்சிகளுக்கும் தேர்தல் நடக்கும்போது, வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரையும் அந்த வார்டின் இடது ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டிக் காட்டச் சொல்லுமாறு கட்சிக் கிளைகள் மக்களைத் திரட்டலாம்.