மே மாசத்துல ஸ்வெட்டர்!

வெளிய அக்னி நட்சத்திரம் கொளுத்துது, 40 டிகிரி. உள்ள நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஆணி பிடுங்கிட்டு இருக்கேன். பக்கத்து சீட்டு தோழி சால்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க. எதிர் சீட்டு நண்பர் ஒரு படி மேல போய், தலைக்கு மேல இருக்கற ஏசி துவாரத்தை அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அடைச்சே வச்சிட்டார் :-)

சுவத்துல தெர்மோஸ்டாட் காட்டுறது 21. கொஞ்சம் ஏத்தி வைங்கன்னு ஏசி பார்த்துக்கற அண்ணன்கிட்ட கேட்டேன். "நான் ரெடி சார். ஆனா மேற்குப் பக்கம் கண்ணாடி ஓரமா உக்கார்றவங்க சாயங்காலம் புழுங்குதுன்னு சண்டைக்கு வர்றாங்களே"ன்னார்.

யோசிச்சுப் பார்த்தா பிரச்சினை அங்கதான் இருக்கு. குளிர்நாட்டுல வெயில் உள்ள வரட்டும்னு கண்ணாடி வைக்கறதுல அர்த்தம் இருக்கு. நாம அதே டிசைனை சென்னையில மேற்கு பார்த்து நிறுத்திட்டு, பத்து பேருக்கு அடிக்கற வெயிலுக்காக நூறு பேரை நடுங்க வைக்கறோம். கரண்ட் பில்லும் கட்டறோம். இதுக்குப் பேர் குளிர்பதனமா?

ஒரு டிகிரி ஏத்தினா ஏசி மின்சாரத்துல சுமார் 6 சதவீதம் மிச்சம்னு 2018ல மத்திய அரசே சொல்லிச்சு. ஆபீஸ், ஓட்டல், விமான நிலையம் எல்லாம் 24லேர்ந்து 26க்குள்ள வைங்கன்னும் கேட்டுக்கிட்டாங்க. வீட்டு ஏசியெல்லாம் 24லதான் ஆன் ஆகணும்னு 2020ல விதியே வந்துச்சு. ஆபீஸ் செண்ட்ரல் ஏசிக்கு மட்டும் அறிவுரையோட சரி. அறிவுரையை நாம என்னைக்குக் கேட்டோம்?

"சென்னை வேர்வைக்கு 24 எல்லாம் ஆகாதுப்பா"ன்னு சிலர் சொல்வாங்க. பாதி நியாயம். ஆனா வேர்வை காய்றதுக்குத் தேவை காத்தோட்டம். ஃபேன் ஓடினா உடம்புக்கு ரெண்டு, மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி இருக்கும். புது வகை பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் சொச்சம் போதும். வீட்டுல ஃபேன் போட்டுக்கற நாம, ஆபீஸ்ல ஃபேன் மாட்டினா மட்டும் கௌரவக் குறைச்சல்னு நினைக்கறோம்.

ஈரப்பதம்? காத்துல இருக்கற ஈரத்தை வடிக்கறது ஏசி காயிலோட குளிர்ச்சி. காயில் குளிரா இருந்தா காத்தை மெதுவா விட்டாலும் ஈரம் வடியும். ஏசிக்குள்ள காத்து தள்ளுற ஃபேனோட வேகத்தை 20 சதவீதம் குறைச்சா அது குடிக்கற மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாயிடும். வேகம் மூணு மடங்கு பெருக்கல்ல வர்ற கணக்கு இது, காலேஜ்ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது!

இதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய் இல்லை. இன்ஃபோசிஸ் 2011ல ஹைதராபாத்ல ஒரே கட்டடத்தை ரெண்டு பாதியாப் பிரிச்சு சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு பாதிக்கு வழக்கமான ஏசி. இன்னொரு பாதிக்குத் தளத்துக்குள்ள குழாய் பதிச்சு குளிர்ந்த தண்ணி. ரெண்டாவது பாதிக்கு மூணுல ஒரு பங்கு மின்சாரம் குறைஞ்சது.

எங்க ஆபீஸ்ல தளத்தை உடைச்சு குழாய் போடச் சொல்லலை. மேற்குக் கண்ணாடிக்கு வெளிப்பக்கமா ஒரு நிழல் தட்டி, தலைக்கு மேல ஃபேன், அப்புறம் 21ஐ 25 ஆக்குங்க. வரிசை முக்கியம். நிழலே இல்லாம டிகிரியை மட்டும் ஏத்தினா கண்ணாடி ஓரத்து மக்கள் கேக்கறது நியாயமான சண்டை.

அண்ணன்கிட்ட இதையே மெயிலா அனுப்பியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் ஸ்வெட்டர்தான். உங்க ஆபீஸ்ல எத்தனை டிகிரி மக்களே?